பெரிய நாக்குக்கு வந்த ஹெர்னியா

தேயிலைக் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘பெரிய நாக்கு’. பின்னால் சொல்வதும் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதில் மனிதருக்குக் கொள்ளைச் சந்தோஷம். இருக்காதா பின்னே? நாக்கை வைத்துப் பிழைப்பவர்கள் வக்கீல், தரகர் என்று ஊரில் ஆயிரம் பேர் உண்டு. ருசி பார்த்தே முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர் இவர் ஒருவர்தான்.

வேலை இதுதான். நீள மேஜையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மூட்டையின் டீ. அதைக் கரண்டியால் மொண்டு, ‘சர்ர்ர்’ என்று அறையே கேட்க உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு, “தேறும்” என்பார் அல்லது “தேறாது” என்பார். தேறும் என்றால் கம்பெனி வாங்கும். தேறாது என்றால் லாரி வந்த வழியே திரும்பும். எதிர்த்துப் பேச முதலாளிக்கே தைரியம் கிடையாது.

அப்படிப்பட்டவர் தொண்டையில் கத்தி வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார் என்றால் அதற்குக் காரணம் குறட்டை. வெறும் குறட்டையோடு போயிருந்தால் மனைவி பொறுத்திருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து பொறுத்தவள்தானே! மாடிவீட்டுக்காரர் வந்து, “ராத்திரியில எதுக்குங்க மோட்டார் போடறீங்க?” என்று கேட்டபோதுகூடச் சிரித்து மழுப்பி அனுப்பியவள். அவளைக் கலங்கடித்தது அந்தச் சத்தம் இல்லை, நடுவில் அது நின்றுபோவதுதான். திடீரென்று ஒன்றுமே கேட்காது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. இவள் எழுந்து உட்கார்ந்து, கையைப் பிசைந்து, உலுக்கலாமா வேண்டாமா என்று தவிக்கும்போது ‘ஹக்’ என்று ஒரு வெட்டு வெட்டிவிட்டு மோட்டார் மறுபடி ஓடும். காலையில் எழுந்து, “அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்” என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் ஆஸ்பத்திரியில், மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் முகமூடி ஒன்று கொடுத்தார்கள். நல்ல சாமான்தான், ஊரில் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இவர் ஒரு வாரத்தில் கழற்றி எறிந்தார். “காலையில எந்தக் கோப்பையைத் தொட்டாலும் ரப்பர் வாடை அடிக்குது. எனக்கு மூச்சு முக்கியமா, வேலை முக்கியமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தவர் வாயை மூடிக்கொண்டார். அடுத்த வாரமே டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“டான்சிலை எடுத்துடுவோம், உள்நாக்கை எடுத்துடுவோம். மேல் அண்ணத்துல தொங்கற சதையைக் கொஞ்சம் வெட்டித் தச்சுடுவோம். அவ்வளவுதான்” என்றார் டாக்டர், சட்டைக்குப் பட்டன் தைப்பதுபோல.

“ருசி?”

“சில பேருக்குக் கொஞ்ச நாள் தெரியாது. பெரும்பாலும் வந்துடும்.”

‘தேறும்’, ‘தேறாது’ இரண்டை மட்டுமே சொல்லிப் பழகியவருக்கு அந்தப் ‘பெரும்பாலும்’ பிடிக்கவே இல்லை.

கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? தொண்டையை அறுத்துத் தைத்த ஆளின் தீர்ப்பை நம்பி எந்த முதலாளி ஒரு சீசனின் சரக்கை வாங்குவான்? பக்கத்திலேயே ‘ரெண்டாம் நாக்கு’ வேறு இருந்தாள். முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தாய், பத்து வருஷமாக இவர் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவள். அதிகம் பேசமாட்டாள். அதிகம் பேசாதவர்களிடம் இவருக்கு எப்போதுமே பயம். தன் நாற்காலிமேல் அவள் கண் வைத்திருக்கிறாள் என்று தானாகவே முடிவு கட்டிவிட்டார்.

ஆகவே ஹெர்னியா, அதாவது குடலிறக்கம், என்று லீவு எழுதினார். போன வருஷம் கேஷியருக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தபோது யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த இடத்தைப் பற்றி யார் துருவிக் கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. மனைவியிடமும் மகளிடமும், “மூச்சு விடக்கூடாது” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர், “கொஞ்ச நாள் வலிக்கும்” என்றிருந்தார். அந்த டாக்டருக்குத் தொண்டை என்று ஒன்று இருந்திருக்கவே முடியாது. எச்சில் விழுங்குவது ஒரு வேலை என்று யாராவது நினைத்திருக்கிறோமா? இவருக்கு அது நாள்முழுதும் செய்கிற வேலையாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஒரு முடிவோடு விழுங்குவார். அறுத்தது தொண்டையில், வலிப்பதோ காதிலும் சேர்த்து. காதை ஏன் பிடித்துக்கொள்கிறார் என்று தெரியாமல் மனைவி சொட்டுமருந்து வாங்கிவந்தாள். வீட்டுக்கு வந்தபின் வலி குறையும் என்று பார்த்தால், நாலைந்து நாள் கழித்து ஏதோ மறந்ததை நினைத்துக்கொண்டதுபோல இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. படுக்கக்கூடாது என்று நாலு தலையணையை முட்டுக்கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் பாதி உள்ளே போகும், பாதி மூக்கு வழியாக வெளியே வரும். முதல்தடவை அப்படி வந்தபோது மகள் சிரித்துவிட்டாள். இவர் அழுதுவிட்டார். உடனே மகளும் அழுதாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். தாங்க முடியாதது நாக்கு. எதை வைத்தாலும் துருப்பிடித்த ஆணியை நக்கினாற்போல் இருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் சமையலறைக்குப் போய் உப்பைத் தொட்டு வைத்துப் பார்த்தார்: ஆணி. சர்க்கரை: ஆணி. மகள் வாங்கிவந்த ஐஸ்கிரீம், சில்லென்ற ஆணி. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பயந்து போயிருந்தார். இனி தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து கேஷியர் வந்தார்.

மனிதர் வெறும் கையோடு வரவில்லை. அனுபவசாலியின் பெருமையோடு வந்தார். ஆபீசில் ஹெர்னியா கண்டவர் இத்தனை நாளும் அவர் ஒருவர்தான். இப்போது துணைக்கு ஓர் ஆள் கிடைத்ததில் முகமெல்லாம் பல்.

“எந்தப் பக்கம்ணே?” என்று கேட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார்.

இவர் வலப்பக்கத்தைக் காட்டினார். அதே நேரத்தில் உதவிக்கு வந்த மகள் இடப்பக்கத்தைக் காட்டினாள்.

“ரெண்டு பக்கமுமா!” கேஷியர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “எனக்கு ஒரு பக்கத்துக்கே உயிர் போயிடுச்சு. ஏன் அண்ணி, அண்ணன் பேசவே மாட்டேங்கறாரு?”

“பேசினா வயித்துல இழுக்குதாம்” என்றாள் மனைவி.

“எனக்கு அப்படி இல்லையே.”

“இவருக்கு ரெண்டு பக்கம் இல்லையா.”

“அதுவும் சரிதான். காதை ஏன் பிடிச்சுக்கறாரு?”

மனைவி மகளைப் பார்த்தாள், மகள் ஜன்னலைப் பார்த்தாள். நல்லவேளை, கேஷியர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். “பேக்கரியில சூடா எடுத்தது. ரஸ்க். ஆபரேஷன் முடிஞ்ச வாரத்துல நான் இதைத்தான் கடிச்சுக்கிட்டிருந்தேன். வயிறுதானே அறுத்திருக்கு, வாய் நல்லாத்தானே இருக்கு? எடுத்துக்குங்கண்ணே, என் கண் முன்னாடி ஒண்ணு சாப்பிடுங்க.”

இவர் ரஸ்க்கைப் பார்த்தார். உப்புத்தாளை மடித்துத் தொண்டைக்குள் விடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று தலையாட்டினால் கேஷியர் ஆபீசுக்குப் போய், “அண்ணன் ஒரு ரஸ்க்கைக்கூடத் தின்ன மாட்டேங்கறாரு” என்று சொல்வார், ரெண்டாம் நாக்கு கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு துண்டைக் கடித்தார். மென்றார். மாவாகும்வரை மென்றார். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். கண்ணிரண்டும் பிதுங்கி, தாரைதாரையாகத் தண்ணீர் கொட்டியது.

கேஷியருக்கும் கண் கலங்கிவிட்டது. “பாசக்காரர் அண்ணி இவரு. ஒரு ரஸ்க்குக்குப் போய் இப்படி அழறாரே!” என்று மூக்கைச் சிந்திக்கொண்டே புறப்பட்டார். அவர் வாசல் தாண்டும்வரை காத்திருந்து மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

கேஷியர் போய் என்ன சொன்னாரோ தெரியாது. இரண்டு நாள் கழித்து முதலாளியே வந்துவிட்டார். கூடவே கேஷியர், ரெண்டாம் நாக்கு, கெட்டிலும் கோப்பைப் பெட்டியும் துப்பும் வாளியும் தூக்கிக்கொண்டு டிரைவர்.

“என்னய்யா இப்படி இளைச்சுட்ட!” என்றார் முதலாளி. “நான் தொந்தரவு பண்ண வரலை. ஒரே ஒரு லாட்டு சரக்கு பார்க்கணும். இந்த சீசன் முழுசுக்கும் ஒரே இடத்துல மொத்தமா வாங்கப் போறேன். இன்னைக்குப் பதில் சொல்லணும். நீ வாய்ல வச்சுட்டு ஒரு தலையாட்டு ஆட்டு, போயிடறோம்.”

“அவரால இப்ப முடியாதுங்க” என்றாள் மனைவி.

“வயித்துக்கும் நாக்குக்கும் என்னம்மா சம்பந்தம்? என்கூட வந்திருக்காளே, இவளே வேண்டாம்னுதான் சொன்னா. நான் கேப்பேனா? போன வருஷம் உன் புருஷன் சொன்ன மாதிரி இந்த முப்பது வருஷத்துல சொன்னதில்லை. அப்படி ஒரு துல்லியம்! நாளாக நாளாக நாக்குக்கு மெருகு ஏறுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்.”

அத்தனை வலியிலும் இவருக்கு உள்ளம் குளிர்ந்தது. ரெண்டாம் நாக்கு கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமை, என்று நினைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு மேஜையில் கோப்பைகள் வரிசையாக ஏறின. தண்ணீர் கொதித்தது. டீ இறங்கியது. நிறம் நல்ல செம்பு நிறம். இலையைத் தொட்டுப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் இல்லை. சூடு ஆகாது என்பதால் ஆறும்வரை இழுத்தடித்தார். கோப்பையைத் திருப்பினார், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார், இலையை மறுபடி தொட்டார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். இனி தள்ள முடியாது. கரண்டியில் மொண்டு வாயருகே கொண்டுபோய், வழக்கம்போல் உறிஞ்சினார்.

‘சர்ர்ர்’ வரவில்லை. ‘புஸ்’ என்று ஏதோ காற்றுப் போன டயர் மாதிரி ஒரு சத்தம் வந்தது. தொண்டையில் யாரோ கொள்ளிக்கட்டையை நுழைத்தார்கள். அடுத்த நொடி மூக்கின் இரண்டு துவாரம் வழியாகவும் டீ பீறிட்டு, நேரே முதலாளியின் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது.

கேஷியர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“எனக்கு அப்படி வரலையே.”

“சளிங்க. சளி பிடிச்சிருக்கு” என்று மனைவி துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். முதலாளி சட்டையைப் பார்க்கவில்லை. அவருக்குச் சட்டை முக்கியம் இல்லை. “சரி சரி, போகட்டும். எப்படி இருக்கு? தேறுமா?” என்றார்.

வாயில் மிச்சமிருந்ததை இவர் சுற்றிப் பார்த்தார். நாக்கின் நுனியில், ஓரத்தில், அடியில் எல்லாம் தேடினார். ஆணிதான் இருந்தது.

ஒரு தலையாட்டல் போதும். நிறம் நன்றாக இருக்கிறது, இலை நன்றாக இருக்கிறது, அநேகமாகச் சரக்கும் நன்றாகத்தான் இருக்கும். தலையாட்டினால் நாற்காலி பிழைக்கும். ருசி திரும்பியபின் யாருக்கு என்ன தெரியப்போகிறது? கழுத்துவரை வந்துவிட்டது அந்த ஆட்டல். ஆனால் வாயில் வைத்ததைச் சொல்லாமல் வாயில் இல்லாததை அவர் சொன்னதே இல்லை. வேறு எதில் பொய் சொன்னாலும், ஹெர்னியா உட்பட, இதில் சொன்னதில்லை. கரண்டியை மேஜையில் வைத்தார்.

“தெரியல” என்றார். பத்து நாளுக்குப் பிறகு வந்த குரல் மூக்காலேயே வந்தது. “ருசி தெரியல. ஹெர்னியா இல்ல. தொண்டை. குறட்டைக்கு.” இன்னும் விளக்க வலி விடவில்லை, வாயைத் திறந்து காட்டினார்.

எட்டிப் பார்த்த முதலாளி, “ஐயய்யோ!” என்று இரண்டடி பின்வாங்கினார். கேஷியரின் முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. “அப்போ ஒரு பக்கம்கூட இல்லையா?” என்று கேட்டார், சொந்தத் தம்பி சொத்துக் கேட்டு வழக்குப் போட்டாற்போல.

முதலாளி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “இப்ப யாருய்யா சொல்றது? சாயங்காலம் அவனுக்குப் பதில் சொல்லணுமே!”

“நான் சொல்றேன் சார்” என்றாள் ரெண்டாம் நாக்கு.

“சும்மா இரும்மா. இது விளையாட்டு இல்லை. போன வருஷம் மாதிரி துல்லியமா வேணும் எனக்கு.”

“போன வருஷமும் நான்தான் சார்.”

அவள் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவள்போல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, இனி மூடி என்ன பயன் என்று நினைத்தாளோ என்னவோ, இவரைப் பார்த்தே சொன்னாள். “சாருக்கு உட்கார்ந்ததும் கண்ணு சொருகிடும். கரண்டியைக் கையில பிடிச்சபடியே தூங்கிடுவாரு. எழுப்பினா வள்ளுனு விழுவாரு. அதனால மிச்சக் கோப்பையை நானே பார்த்து, அவர் சொன்னதாச் சொல்லிடுவேன். குறட்டை நின்னுபோச்சுன்னா மட்டும் பயமாயிருக்கும். தோளைத் தட்டுவேன். மூச்சு வர்ற வரைக்கும் அடுத்த கோப்பையைத் தொடமாட்டேன்.”

பெரிய நாக்கின் முகம் காதுவரை கொதித்தது. கோபப்பட வேண்டும் என்று ஆசையாக இருந்தது, கோபம் வரவில்லை. நாற்காலியில் உட்காருவார், அடுத்த நிமிஷமே அவள், “எல்லாம் முடிஞ்சது சார்” என்பாள். வயதாக ஆக வேலையில் வேகம் கூடுகிறது என்று வீட்டில் வந்து பெருமையடித்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எந்த நாற்காலிக்காக ரஸ்க் தின்றாரோ, அதில் அவர் இத்தனை நாளும் தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மனைவி துண்டைப் போட்டுவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அடிப்பாவி, பகல் ஷிஃப்டு நீயா?” என்று கேட்டாள். கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்துவிட்டது. “ராத்திரி நான் ஒருத்திதான் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருக்கேன்னு நினைச்சேனே!”

“எனக்கு ரொம்பக் கவலைக்கா. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல” என்றாள் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இவர் கரண்டியை எடுத்துத் தண்ணீரில் அலசி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு உறிஞ்சினாள். அறை முழுக்கக் கேட்டது. சுற்றினாள், துப்பினாள், அடுத்த கோப்பைக்குப் போனாள், முதல் கோப்பைக்கே திரும்பி வந்தாள்.

“தேறாது சார். மழையில நனைஞ்ச மூட்டை. காயவச்சு, நிறத்துக்கு நல்ல இலையைக் கலந்து கொடுத்திருக்காங்க.”

முதலாளி பழக்கதோஷத்தில் இவர் பக்கம் திரும்பினார். இவர் ஆமாம் என்று, கழுத்து வலிக்கத் தலையாட்டினார்.

“அப்போ தேறாது” என்று முதலாளி எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, “உடம்பைத் தேத்திக்கிட்டு வா. ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. முதல்ல நீ தூங்கற அந்த நாற்காலியைத் தூக்கி வெளியே போடறேன்” என்றார். கேஷியர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். மேஜையில் மிச்சமிருந்த ரஸ்க் பாக்கெட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

டிரைவர் பெட்டியை வண்டியில் ஏற்றுவதற்குள் அவள் சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவர் போய்க் கதவோரம் நின்றார். மன்னிப்பு, நன்றி என்று பெரிய பெரிய வார்த்தைகள் எல்லாம் நெஞ்சில் நின்றன. ஒவ்வொன்றும் தைத்த இடத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அதனால் தொழிலையே பேசினார்.

“நான் தூங்கினப்போ நீ சொன்னதுல எதுவும் தப்பாப் போச்சா?”

“இல்ல சார்.”

“போன வருஷம் நாம வித்ததுல ஒரு மூட்டைகூடவா சரியில்லைன்னு திரும்பி வரல?”

அவள் குழாயை மூடினாள். கோப்பையைத் துடைத்தாள். துடைத்த கோப்பையையே இன்னொரு தரம் துடைத்தாள்.

“ஒண்ணு வந்துச்சு சார். அது நீங்க முழிச்சிருந்த அன்னைக்கு.”

பெரிய நாக்குக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. தொண்டை கிழிந்தது, காது இரண்டும் தெறித்தன, கண்ணில் தண்ணீர் கொட்டியது, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மூக்கால் சிரித்தார். “ஏண்டி, அவரைச் சிரிக்க வைக்காதே, தையல் பிரிஞ்சுடும்!” என்று மனைவி கூடத்திலிருந்து ஓடிவந்தாள். நிறுத்தத்தான் பார்த்தார், முடியவில்லை.